ஏழாம் நம்பர் டப்பா

...அதான் சொல்றேன் சார், இந்த காலனில ஒரு நல்ல காரியம் பண்ணா அத்தோட பேஜார்தான். ஒக்காருங்க. அந்த சேர் வாணாம், அதுக்கு ஒரு கால் சரியில்ல, நம்ம காலனி சத்யநாராயணன் ஒக்காந்து ஒக்காந்தே வளைச்சிட்டாரு. இத்துல ஒக்காருங்க. இன்னா கேட்டீங்க? மாத்திரையா? கொஞ்சம் சத்தமா கேளுங்க. வாட்ச்மேன் கிட்ட நல்லா விசாரிச்சிட்டு, எங்கிட்ட வந்து காதுல ஓதறீங்களே. எரியுதா? அரிக்குதா? ரெண்டுமா... சரி சரி, தலைய ஆட்டனா போதும். இதுல இன்னா சார் வெக்கம்? ஒண்ணுக்கு போவாத ஆம்பள இந்த முடிச்சூர்ல எவன் கீறான்? நான் ஒருத்தன்தான் கீறேன். நாலு மாசமா எனக்கு பதிலா டியூபுதான் போவுது. தோ, என் சேர் பக்கத்துல தொங்குதே மஞ்சப்பை... அதுக்குள்ள கீறது காய்கறி இல்ல.

பின்னால நவுறாதீங்க. கொட்டாது. மூடி போட்ட பை.

நீங்க மூணாவது மாடிக்கு புதுசா வந்தவருதான? ஹர்ஷா. பேரு தெரியும். காட்டாங்குளத்தூர் காலேஜ்ல வாத்தியாரு. கெமிஸ்ட்ரியா? ஓ, கம்ப்யூட்டரா. நல்லதா போச்சு. கெமிஸ்ட்ரியா இருந்தா நான் சொல்றதுல குத்தம் கண்டுபுடிப்பீங்க. நான் தேவானந்தம். மறைமலை நகர்ல கார் பார்ட்ஸ் பண்ற கம்பெனி ஒண்ணுல முப்பத்தி மூணு வருஷம் ஸ்டோர்ஸ் கீப்பர். கண்ண கட்டி வுட்டா கூட, கைய வுட்டு இது எந்த சைஸ் வாஷர்னு சொல்வேன். ஒரு தபா ஜப்பான்காரன் வந்து டெஸ்ட் பண்ணான். இருநூறு வாஷர், இருநூறும் கரெக்டு. அவன் அழுதுட்டான் சார். இன்னா சிரிக்கறீங்க, சத்தியமா அழுதான்.

தோ, செவுத்துல கீதே ரேக்கு, அது கம்பெனி ரேக்குதான். இருபத்தி நாலு டப்பா. ரிட்டயர் ஆவறவனுக்கு எல்லாம் செவுத்து கடியாரம் குடுப்பாங்க. எனக்கு கடியாரம் வாணாம், அந்த ரேக்க குடுங்கன்னேன். எம்.டி.யே தூக்கினு வந்து வண்டில ஏத்துனாரு. சரி, எம்.டி. இல்ல, அவரு டிரைவரு. ஒரு கை எம்.டி. புடிச்சாரு.

அந்த ரேக்க வெச்சிதான் நான் நல்ல காரியம் பண்ணேன். கேளுங்க. இந்த காலனில நாப்பத்தி எட்டு வூடு. எல்லா வூட்லயும் பிரிஜ்ஜு மேல ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும், பாத்திருக்கீங்களா? உள்ள பூரா மீந்து போன மாத்திரை. டாக்டர் பத்து நாளைக்கு எழுதுவாரு, மூணாம் நாளே நம்பளுக்கு சொகமாயிடும், மிச்ச ஏழும் டப்பாக்கு போயிடும். அப்பறம் தேதி முடிஞ்சி குப்பைக்கு. ஸ்டோர்ஸ்காரன் கண்ணு அத்த தாங்குமா? ஒருத்தன் வூட்ல சரக்கு வீணாவுது, பக்கத்து வூட்டுக்காரன் அதே சரக்குக்கு மெடிக்கல்ல நிக்கறான். நான் அசோசியேஷன் மீட்டிங்ல எழுந்து நின்னு சொன்னேன்: எல்லாரும் மீந்தத எங்கிட்ட குடுங்க, நான் பிரிச்சி வெக்கறேன், வேணுங்கறவன் வந்து வாங்கிக்கட்டும். கை தட்டுனாங்க சார். வேளச்சேரி வரைக்கும் கேட்டுச்சு.

ஒண்ணாம் நம்பர் டப்பாவுல காய்ச்சல். ரெண்டுல வாயு. மூணுல முட்டி வலி. நாலு, தூக்கம். அஞ்சு, அந்த தூக்கத்துல இருந்து எழுந்திரிக்கறதுக்கு. ஏழாம் நம்பர், அரிப்பு. படர்தாமரை, இடுக்குல அரிப்பு, ஒண்ணுக்கு போற எடத்துல அரிப்பு, எல்லாத்துக்கும் அதே மாத்திரைதான். வாரத்துக்கு ஒண்ணு போடற மாத்திரை. டாக்டருங்க இஷ்டத்துக்கு எழுதுறாங்க, ஜனங்க பாதில நிறுத்திடறாங்க, அதனால ஏழாம் நம்பர்ல எப்பவும் சரக்கு நிரம்பி வழியும்.

வாட்ச்மேன் உங்களுக்கு சொன்னது அந்த டப்பாதான். தெரியுது, நீங்க வந்ததுல இருந்து அத்தையே பாத்துகினு கீறீங்க. ஆமா, உள்ள ஒரு அட்டை கீது. இருங்க. அவசரப்படாதீங்க. நான் இன்னும் சரின்னு சொல்லல.

மணி இன்னா? நாலு பத்தா. நாலரைக்கு எனக்கு ஒரு போன் வரும். லேப்ல இருந்து. டெபோரான்னு ஒரு பொண்ணு. என் ஒண்ணுக்க எடுத்து, தட்டுல ஊத்தி, அஞ்சு நாளா அடகாத்துகினு கீது, எதுனா மொளைக்குதான்னு பாக்க. இன்னிக்கி முடிவு. ஒண்ணும் மொளைக்கலன்னா வியாழக்கிழமை எனக்கு ஆபரேஷன். ப்ராஸ்டேட். பண்ணிட்டு இந்த டியூப கழட்டிடுவாங்க. மொளைச்சிருந்தா ஆபரேஷன் கெடையாது, டியூபும் நானும் இப்பிடியே. ஏற்கனவே ரெண்டு தபா தேதி குடுத்து ரெண்டு தபாவும் தள்ளிட்டாங்க.

நான் தனியா ஒக்காந்து அந்த போனையே பாத்துகினு இருந்தேன். நல்லவேளை நீங்க வந்தீங்க.

பயமெல்லாம் இல்ல சார். எனக்கு இன்னா பயம். பார்க் பெஞ்ச்சுதான் கவலை. சாயங்காலம் ஆனா அந்த பெஞ்ச்சுல நான்தான் கதை சொல்வேன். பதினோரு பேரு கேப்பாங்க. நாலு மாசமா என் எடத்துல சத்யநாராயணன் ஒக்காந்துகினு கீறாரு. அந்தாளு கதைல ஒரு பொய் கூட இல்ல சார். நெஜமா நடந்தத அப்பிடியே சொல்றாரு. எல்.ஐ.சி.ல லீவு கேட்டாராம், குடுத்தாங்களாம். கேக்கறவன் எப்பிடி தாங்குவான்? இப்ப அஞ்சு பேருதான் வராங்கன்னு கேள்வி.

சரி, இந்த டாக்டருங்கள பத்தி சொல்ல வந்தேன். டியூப் போட்ட ரெண்டாவது வாரம் எனக்கு குளிர் காய்ச்சல், பையில கீறது மோர் மாரி கலங்கி கீது. ஆஸ்பத்திரிக்கு போனேன். யூராலஜி டாக்டர் ஜெபசீலன்னு ஒருத்தர். நல்ல மனுஷன், ஆனா சிரிக்க மாட்டாரு. டெஸ்ட் பண்ணிட்டு, பெரியவரே, உங்க மூத்திரத்துல ஈஸ்ட் இருக்குன்னாரு. பன்னு உப்பறதுக்கு பேக்கரில போடுவாங்களே, அத்தோட பெரியப்பா பையன். காளான் ஜாதி. அது எங்க டாக்டர் இங்க வந்துச்சின்னு கேட்டேன். அப்ப அவரு எங்கிட்ட ஒரு கேள்வி கேட்டாரு, இதுக்கு முன்னாடி இதுக்குன்னு எதாவது மாத்திரை சாப்ட்டிருக்கீங்களா? நான் நெஞ்சுல கைய வெச்சி சொன்னேன், இல்ல டாக்டர். அவரு எழுதிக் குடுத்தாரு. பதினாலு நாளு மாத்திரை. ஒரு வேளை தப்பல சார். ஒரு வேளை தப்பல.

பதினஞ்சாம் நாளு டெஸ்ட் பண்ணா, கிருமி மொத தடவைக்கு மேல கீது. அந்த மாத்திரைய சத்து மாத்திரைன்னு நெனச்சி தின்னுட்டு கொழுத்து போய் கீது. ஆபரேஷன் தள்ளிட்டாங்க. எனக்கு வந்த கோவம் இருக்கே. இன்னா டாக்டர், இன்னா மாத்திரை, இன்னா கம்பெனி. நாங்க ஒரு போல்ட் தப்பா அனுப்பிச்சா லைனே நிக்கும், இவங்க பதினாலு நாளு தப்பான மாத்திரை குடுக்கறாங்க, யாரு கேக்கறா? லேப்ல போயி சத்தம் போட்டேன். அங்கதான் டெபோராவ பாத்தேன். அந்த பொண்ணு திருப்பி சத்தம் போடல. இங்க வாங்க தாத்தான்னு உள்ள கூட்டினு போயி, மைக்ராஸ்கோப்புல கண்ண வெக்க சொல்லுச்சு.

பாத்தேன் சார். முட்டை முட்டையா, ஒண்ணு முதுகுல ஒண்ணு தொத்திகினு. ஒருத்தன் என்ன பாத்து கைய ஆட்டுனான். நம்பலன்னா வுடுங்க. மைக்ராஸ்கோப்ப தொடச்சிட்டு மறுபடி பாத்தேன், மறுபடி ஆட்டுனான்.

டெபோரா சொல்லிச்சி, இதுங்க மருந்துக்கு பழகிடுச்சு தாத்தா. நாங்க மருந்த பக்கத்துல வெச்சே வளத்து பாத்தோம், நல்லாவே வளருது. அது எப்பிடிம்மா பழகும்னு கேட்டேன். அது ஏதேதோ சொல்லிச்சி, எனக்கு எங்க ஊரு பாஷையில புரிஞ்சிது. ரெண்டாயிரத்தி பதினஞ்சு வெள்ளத்துல நீங்க இங்க இல்ல. கழுத்து வரைக்கும் தண்ணி. நான் இந்த இருபத்தி நாலு டப்பாவையும் தலைல வெச்சிகினு தாம்பரம் வரைக்கும் நீஞ்சி போனேன், அது வேற கதை. தண்ணி வடிஞ்சதும் ஜனங்க இன்னா பண்ணாங்க? ஆளுக்கு ஒரு மோட்டார் வாங்கி மாட்டிட்டாங்க. அடுத்த வருஷம் தண்ணி உள்ள வந்தா வந்த வேகத்துல எறைச்சி வெளிய ஊத்திடுவாங்க. அதே வேலைதான் சார் இந்த கிருமியும் பண்ணுது. ஒரு தபா மருந்துல நனைஞ்சி பொழச்சவன் மோட்டார் மாட்டிடறான். அப்பறம் மருந்து உள்ள வர வர எறைச்சி வெளிய வுடறான். ஒரே மாத்திரைய இன்னும் நாலு போட்டா இன்னும் நாலு மோட்டார்.

அது மட்டுமா. டியூபுக்குள்ள ப்ளாட் போட்டுட்டான். நம்ம முடிச்சூர்ல ஏரிய ஒட்டி வயல்ல போட்டாங்களே, அது மாரி. டியூபு உள்பக்கம் ஒட்டிகினு, மேல சவ்வு மாரி ஒண்ணு பூசிகினு, வரிசையா வூடு. மருந்து மேலாப்புல போவுது, உள்ள இருக்கறவன் கதவ சாத்திகினு கீறான். அவனுக்கு பட்டா குடுத்ததே நான்தான், நாலு வாரம் அதே டியூப வெச்சிகினு இருந்தேன்ல.

ஒக்காருங்க சார், எங்க எழுந்திரிக்கறீங்க. மாத்திரை விஷயத்துக்குதான் வந்துகினு கீறேன்.

ரெண்டாவது தேதிக்கும் கிருமி போவாம ஆபரேஷன் தள்ளனதும் டாக்டர் ஜெபசீலன் சொன்னாரு, வீட்ல சாப்புடற எல்லா மாத்திரையையும் எடுத்துட்டு வாங்க, ஒண்ணு விடாம. நான் சர்க்கரை மாத்திரை அட்டைய சட்டை பாக்கெட்ல வெச்சிகினு போனேன். என் சம்சாரம் செல்லம்மா பின்னாலயே ஒரு கட்டைப்பையோட வரா. ஷேர் ஆட்டோல மடில வெச்சிகினு வந்தா, இன்னாடி அதுன்னா ரோட்ட பாக்கறா. டாக்டர் ரூம்ல போயி பைய தெறந்தா, இருபத்தி நாலு டப்பா. நம்பர் வரிசைல எடுத்து அவரு மேசை மேல அடுக்குறா. டாக்டருக்கு பேனா வெக்க எடமில்ல. எல்லாம்னு சொன்னீங்களே டாக்டர், இதான் எல்லாம்னா.

மொதல்ல சர்க்கரை மாத்திரைய எடுத்தாரு. இது எத்தினி நாளா சாப்புடறீங்க? ஒண்ணரை வருஷமா. இனிப்பு? அதுவும் ஒண்ணரை வருஷமா டாக்டர். எப்பிடின்னாரு. நான் வெளக்கனேன். அந்த மாத்திரை ரத்தத்துல கீற சர்க்கரைய ஒண்ணுக்கு வழியா வெளிய தள்ளிடும்னு அத்த எழுதுன டாக்டரே சொன்னாரு. ஸ்டோர்ஸ்ல வந்ததும் போனதும் சரியா இருந்தா உள்ள சரக்கு இல்லன்னுதான அர்த்தம்? மேல ஒரு ஜாங்கிரி போட்டா கீழ ஒரு ஜாங்கிரி போயிடுது, நடுவுல நான் இன்னாத்துக்கு சார் வாய கட்டணும்? தினம் ரெண்டு சாப்ட்டேன். பாத்ரூமுக்கு எறும்பு வரிசைல வரும். வண்டலூர்ல இருந்தே வந்துச்சி, நான் பின்னாலயே போயி பாத்தேன்.

டாக்டர் ஜெபசீலன் அன்னிக்கிதான் சிரிச்சாரு. சிரிச்சிட்டு, பெரியவரே, நீங்க சர்க்கரைய வெளிய அனுப்பல, காளானுக்கு தினமும் சாப்பாடு போட்டு அனுப்பிருக்கீங்கன்னாரு.

அத்தோட வுட்டிருக்கலாம். செல்லம்மா வுடல. ஏழாம் நம்பர் டப்பாவ எடுத்து அவரு கைல குடுத்தா. குடுத்துட்டு, எம்மூஞ்ச பாக்காம சொன்னா,

"அரிப்பு வரும்போதெல்லாம் இதுல ஒண்ணு போட்டுக்குவாரு டாக்டர். ரெண்டு நாள்ல அடங்கும், நிறுத்திடுவாரு. மூணு வாரம் கழிச்சி மறுபடி. வருஷத்துக்கு மேல இப்பிடித்தான்."

டாக்டர் என்ன பாக்கறாரு. நான் செவுத்துல கிட்னி படத்த பாக்கறேன். எவ்ளோ நேரம் சார் ஒருத்தன் கிட்னி படத்த பாக்க முடியும்?

ஆமா. பொய்தான் சொன்னேன். நெஞ்சுல கைய வெச்சி சொன்னேன். காலனி பூரா சப்ளை பண்ற ஆளு, நானே திருட்டுத்தனமா தின்னேன்னு எப்பிடி சொல்றது? கேட்டவங்களுக்கு எல்லாம் ஒரு மாத்திரை குடுத்துட்டு, ஒண்ண நான் வாயில போட்டுக்குவேன். ஒண்ணு, நிறுத்து. ஒண்ணு, நிறுத்து. கிருமி சாவற அளவுக்கும் குடுக்கல, சும்மாவும் வுடல. முப்பத்தி மூணு வருஷம் சர்வீஸ் பண்ண ஆளுக்கு ட்ரெயினிங் குடுக்க தெரியாதா? பயலுங்கள நல்லா ட்ரெயின் பண்ணி, அனுபவம் வந்ததும் அவங்க மேலயே டாக்டர் எழுதுன அதே மருந்த ஏவி வுட்டேன். பதினாலு நாளும் அவரு குடுத்த மாத்திரை மேல தப்பில்ல சார். அவரு மேலயும் இல்ல. மொத நாளே உண்மைய சொல்லிருந்தா மொத நாளே வேற மருந்து. ரெண்டு ஆபரேஷன் தேதியும் நானே தின்னுட்டேன்.

அப்பறந்தான் வேலை ஒழுங்கா நடந்துச்சி. அந்த சர்க்கரை மாத்திரைய மாத்துனாங்க. ஜாங்கிரி கட். டியூப உருவி, ப்ளாட்டு வூடு எல்லாத்தோடயும் தூக்கி கடாசிட்டு புதுசு போட்டாங்க. கடைசில ஊசி மருந்து, ஏழு நாளு, ட்ரிப்ஸ்ல. பழைய மருந்து, முரட்டு மருந்து, கிட்னிய பாத்துகினே ஏத்தணும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரத்தம் எடுப்பாங்க. டெபோரா தட்டுல வெச்சி பாத்து, இதுக்கு மட்டும்தான் இந்த கிருமி அடங்குதுன்னு சொன்ன மருந்து. மொத நாளு ஏத்துனப்ப வந்த குளிர்ல கட்டில் ஜன்னல்ல இருந்து கதவு வரைக்கும் நடந்து போச்சி. நர்ஸம்மா புடிச்சி இஸ்துகினு வந்தாங்க. இத்துல பொய் கொஞ்சம்தான்.

செல்லம்மா ஏழு நாளும் பக்கத்துல ஸ்டூல்ல ஒக்காந்திருந்தா. ஒரு வார்த்த திட்டல. திட்டிருந்தா பரவால்ல.

வூட்டுக்கு வந்ததும் எல்லா டப்பாவையும் காலி பண்ணிட்டேன். மாத்திரைய பூரா ஆஸ்பத்திரிலயே ஒப்படைச்சாச்சு. தோ, ஆட்டி காட்டறேன் கேளுங்க. ஒண்ணாம் நம்பர்... போல்ட்டு. ரெண்டு... வாஷர். எல்லாம் பழையபடி. ஏழாம் நம்பர்ல மட்டும் அந்த ஒரு அட்டைய வெச்சிருக்கேன். ஞாபகத்துக்கு.

அதனால சார், உங்களுக்கு அத்த நான் குடுக்க மாட்டேன். கோச்சிக்காதீங்க. உங்களுது இன்னா கிருமின்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. காளானா இருக்கலாம், வேற ஜாதியா இருக்கலாம், கிருமியே இல்லாம கல்லா இருக்கலாம். காலைல எழுந்து மொத ஒண்ணுக்கு, ஆரம்பத்துல கொஞ்சம் வுட்டுட்டு நடுவுல புடிச்சி, அவங்களே குடுக்கற பாட்டில்ல... இன்னா சார் மூஞ்சி இப்பிடி போவுது. வெக்கமா? என்ன பாருங்க. பைய வெளிய மாட்டிகினு ஒக்காந்து கீறேன், எனக்கு இல்லாத வெக்கமா?

தோ. அடிக்குது.

இருங்க சார், டெபோராதான். இங்க சிக்னல் வராது, ஜன்னல் கிட்ட போவணும். அந்த பைய கொஞ்சம்... வாணாம், நானே எடுத்துக்கறேன். போய்டாதீங்க, ரெண்டு நிமிஷம்.

அலோ. சொல்லும்மா. ஆமா, தாத்தாதான்.

...

ஒண்ணுமேவா?

அஞ்சு நாளும்? ரெண்டு தட்டுலயும்? ஒரு புள்ளி கூடவா... நல்லா பாத்தியா, ஓரத்துல எவனாவது கைய ஆட்டறானா?

...இல்லம்மா. அழுவல. கண்ணாடில தூசி. இரு தொடைக்கறேன்.

டாக்டர் கிட்ட சொல்லிட்டியா? வியாழக்கிழம ஏழு மணிக்கா. வரேன். ராத்திரியே வந்து வாசல்ல ஒக்காந்துக்கறேன்.

இரும்மா, கட் பண்ணாத. ஒரு நிமிஷம் திரும்பிக்கறேன்... ம். ஆளு இல்ல. சேர் காலி. ஏழாம் நம்பர் டப்பா ஒரு வெரல் அளவு வெளிய நீட்டிகினு கீது. நெனச்சேன். எதிர்ல படிக்கட்டுல செருப்பு சத்தம் கேக்குது, ரெண்டு ரெண்டு படியா ஏறுறாரு.

இல்ல இல்ல, பதறாத. துரத்தவும் வாணாம். அதே அட்டைதாம்மா. செல்லம்மாவுக்கு தெரியக்கூடாதுன்னு, தின்ன மாத்திரைக்கு அப்பறம் பின்னால ஃபாயில நகத்தால தேச்சி தேச்சி ஒட்டி வெச்சிருந்தேனே, அந்த அட்டை. பாத்தா முழுசு மாரி இருக்கும். உள்ள ஒண்ணும் கெடையாது, பத்தும் என் வயித்துக்கு போயி ரொம்ப நாளாச்சு. மொத தபா சத்யநாராயணன் தூக்கினு போனப்ப நான் வேணும்னு பண்ணல, காலின்னே மறந்துட்டேன். மறுநாள் காலைல அந்தாளு வேற வழியில்லாம அட்டையும் கையுமா உன் லேப் வாசல்ல நின்னாரு, கிட்னில கல்லுன்னு கண்டுபுடிச்சாங்களே. அதுக்கப்பறம் வந்த ரெண்டு பேருக்கு வேணும்னுதான். எல்லாருக்கும் இதே கதைய சொல்றேன், எல்லாரும் கேக்கறாங்க, எல்லாரும் அட்டையதான் எடுத்துகினு போறாங்க. சிக்னலா? சிக்னல் சேர்லயே நல்லாதான் கீது. ஜன்னல் பக்கம் திரும்பி நின்னாதான அவங்களுக்கு வசதி.

இவரு நாலாவது. நாளைக்கு காலைல வருவாரு. நீல சட்டை, ஒல்லி, கம்ப்யூட்டர் வாத்தியாரு. பேர சத்தமா கூப்புடாத, கூச்சப்படுவாரு. பாட்டில தயாரா வெச்சிரு.

அட்டைய மட்டும் வாங்கி வெய்யும்மா. அடுத்த ஆளுக்கு வேணும்.